பரபரப்பில்லாத நான்கு நாட்கள்

காலை பத்து மணிக்கே காரில் ஏறிவிட்டோம். இரண்டு மணிப் படகுக்கு அது மிகவும் சீக்கிரம். அப்படித்தான் திட்டமிட்டிருந்தேன். அவசரம் கூடாது. ஏரி நடுவே இருக்கும் தீவில் ஒரே விடுதி, ஒரே அறை, நான்கு நாட்கள். சுற்றிப் பார்ப்பதற்கு எங்கும் போவதில்லை. பசித்தால் சாப்பாடு, மற்ற நேரம் ஏரித் தண்ணீர். பிள்ளைகள் இரட்டையர் என்பதால் எல்லாம் இரண்டிரண்டு: ஒரே நிறத்தில் பைகள், தொப்பிகள். ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் விட எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் வராது; இரட்டையரின் சாபம் பொல்லாதது என்பார்கள்.

என் மனைவி நஜெம்பா இறந்த பிறகு வஸ்வாவும் நகாட்டோவும் ஒருவரை ஒருவர் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆறு வயதுக் குழந்தைகள் போடும் சண்டையாக அது இல்லை. நகாட்டோ அண்ணனின் காதைக் கடித்து ரத்தம் வரவைத்தாள். அவன் அவள் தலையைப் பிடித்துச் சுவரில் இடித்தான். இருவரும் அழவில்லை. நானும் அதட்டவில்லை. பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன். எங்கேயாவது அமைதியான இடத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார் அவர்களுடைய டீச்சர்.

"தூங்கறதுக்கு எதுக்கு தீவு, சாலோங்கோ? உங்க வீட்ல கட்டில் இல்லையா?" என்றாள் முன்னிருக்கையில் இருந்த நலுமான்சி. நஜெம்பாவின் தங்கை. இரட்டையரின் தகப்பன் என்பதால் அவளுக்கும் ஊருக்கும் நான் சாலோங்கோதான்.

"உன்னை யாரு வரச் சொன்னா?"

"ரெண்டும் சேர்ந்து உங்க காதையும் கடிச்சுதுன்னா கட்டுப் போட ஆள் வேணாமா?"

பின்னால் நகாட்டோ சிரித்தாள். நான் கண்ணாடியில் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

நஜெம்பாவை இடித்த கார் நிற்கவில்லை. இங்கே யாரும் நிற்பதில்லை. நின்றால் பைக் டாக்சிக்காரர்கள் கூடி அடித்தே கொன்றுவிடுவார்கள், நேராகக் காவல் நிலையத்துக்கு ஓட்டு என்றுதான் எனக்கும் சொல்லித் தந்தார்கள். அந்த ஆள் அங்கேயும் போகவில்லை. அவளுக்கு வெகுநேரம் மூச்சு இருந்ததாகப் பின்னால் ஒருவர் சொன்னார். நலுமான்சி அவனைச் சபிக்காத நாள் இல்லை.

சந்தையைத் தாண்டியதும் ஒரு சந்திலிருந்து பைக் டாக்சி குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் தூக்கி எறியப்பட்டு முன்கண்ணாடியில் விழுந்தாள். கண்ணாடி சிலந்திவலையாக விரிந்தது. கூரையில் அவள் உருண்டு போன சத்தம் கேட்டது. பைக் ஓட்டியவன் எழுந்து நின்று கத்தினான். நாலாபுறமிருந்தும் பைக்குகள் திரும்பின.

"நிக்காதீங்க! ஓட்டுங்க!" நலுமான்சி என் கையைப் பிடித்து உலுக்கினாள். "கொன்னுடுவாங்க! பிள்ளைங்க இருக்கு!"

என் கால் ஆக்சிலரேட்டரை அழுத்தியிருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, சத்தமே இல்லாமல், "ஓட்டுங்க" என்றாள் மறுபடியும்.

வளைவைத் தாண்டி நிறுத்தினேன்.

"நீ ஓட்டு. நேரா போலீஸ் ஸ்டேஷன்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"கதவைப் பூட்டிக்க."

இறங்கித் திரும்பி நடந்தேன். முதல் கல் தோளில் பட்டது. ஹெல்மெட்டால் ஒருவன் வாயில் அடித்தான். பல் உடைந்து நாக்கில் உருண்டது. விழுந்தேன். விலாவில், முதுகில், தொடையில் உதைத்தார்கள். வலித்தது. வலிப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"டேய், ஓடினவன் எதுக்குடா நடந்து வர்றான்?"

"மிச்சம் மீதி உசுரு இருக்கான்னு பாக்க வந்திருப்பான்!"

"பெட்ரோல் கொண்டாங்கடா!"

கால்களுக்கு இடையில் அந்தப் பெண் தெரிந்தாள். தாரில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாயோரம் ரத்தக் குமிழி ஒன்று பெரிதாகி, சுருங்கி, மறுபடி பெரிதானது. என்னை அடிக்க அத்தனை பேர் இருந்தார்கள். அவள் பக்கத்தில் ஒருவருமில்லை.

"அவளைத் தூக்குங்க," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினேன். "மூச்சு இருக்கு! தூக்குங்க! கார்ல என் இரட்டைப் பிள்ளைங்க இருக்கு, அதுங்க மேல சத்தியம், நான் ஓடமாட்டேன்!"

ஓங்கிய கால் ஒன்று நின்றது. ஹெல்மெட் வைத்திருந்தவன் குனிந்து பார்த்தான்.

"சாலோங்கோவா நீ? முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" எல்லாரையும் திரும்பிப் பார்த்தான். "இரட்டையரோட சாபம் எனக்கு வேணாம்ப்பா. விடுங்க."

அவனே தன் பைக்கைக் கொண்டுவந்தான். நான்கு பேர் அவளைத் தூக்கி அவனுக்குப் பின்னால் வைத்தார்கள். அவள் சரிந்தாள்.

"யாராவது பின்னால ஏறிப் புடிங்கடா!"

யாரும் ஏறவில்லை. ரத்தம் படும். நான் எழுந்து ஏறினேன். அவள் தலை என் தோளில் விழுந்தது. அவளைச் சுற்றிக் கைகளைப் போட்டு அவன் சட்டையைப் பற்றிக்கொண்டேன்.

"கெட்டியா புடிச்சுக்க, சாலோங்கோ. விழுந்தா ரெண்டு பேரையும் திரும்பப் பொறுக்க மாட்டேன்."

வளைவுக்கு அப்பால் நெரிசல். லாரிகளுக்கு நடுவில் என் கார் அசையாமல் நின்றது. பைக் அதை உரசிக்கொண்டு போனது. பின்கண்ணாடியில் இரண்டு முகங்களும் ஒட்டியிருந்தன. நகாட்டோவின் கை மேலே எழுந்தது.

என்னால் கையாட்ட முடியவில்லை. அந்தப் பெண்ணின் மூச்சு என் கழுத்தில் ஈரமாகப் பட்டது, நின்றது. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். மறுபடி பட்டது.