நாற்பத்தைந்து காலிபர் குழல்

ஒரு முறைக்கு ஒரே தோட்டா போடுகிற வேட்டைக் கைத்துப்பாக்கி அது. குழலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மானுக்கு முப்பது காலிபர் துளையுள்ள சின்னக் குழலே போதும், என்னுடையதைச் சும்மாவே தருகிறேன் என்று மச்சான் டெல் சொல்லியும் கேட்காமல், வெர்லின் நாற்பத்தைந்து காலிபர் குழலை வாங்கி வந்தான். மான்டானாவில் அதுதான் ஆம்பளைக்கு அழகாம்.

ஜல்லிக் குழியில் டெல் தோட்டா போட்டுப் போட்டுக் கொடுத்தான். முதல் வெடியே வெர்லினின் மணிக்கட்டை உதைத்துத் தள்ளியது. அடுத்த மூன்றும் குறிக்கு வைத்த அட்டைக்குக் கீழே மண்ணில் புதைந்தன.

"குழல் கோணல் மச்சான். கடைக்காரன் தலையில கட்டிட்டான்."

"இருக்கும். இன்னொண்ணு சுடு மாப்ள."

வெர்லின் குறிபார்த்து விசையை இழுத்தான். கண்கள் இறுக மூடின, குழல் முனை வெடுக்கென்று மண்ணைப் பார்த்துக் குனிந்தது. ஆனால் துப்பாக்கி வெடிக்கவே இல்லை.

டெல் அதைத் திறந்து, இந்த முறை தான் போட்டுவைத்திருந்த, முன்பே வெடித்துப்போன வெறும் தோட்டாக்கூட்டை எடுத்து அவன் கையில் வைத்தான்.

வெர்லின் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.

"உன் முப்பதைக் குடு. உன் தங்கச்சி கேட்டா மட்டும், குழல் கோணல்னே சொல்லு."