ஆகாத இருவரின் கார்டுகள்

அந்தக் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் ஆகாது என்பது வாசல் காவலாளி வரை தெரிந்த சேதி. இரவல் வாங்கிய டெஸ்டர் ஒன்று திரும்பி வராததில் தொடங்கிய சண்டை. இருவரும் பெண்கள், விட்டுக்கொடுக்காத பிடிவாதக்காரிகள். அதற்காகவே பாதுகாப்பு அதிகாரி இவர்களைத் தேர்ந்தெடுத்தார்.

பம்புகளுக்குப் போகும் ஒவ்வொரு கட்டளைக்கும் முத்திரையிடும் இரகசியச் சாவி, அதாவது ஒரு நீளமான எண், ஓர் இரும்புப் பெட்டியின் கணினிச் சிப்புக்குள் இருந்தது. யாராவது மூடியைத் திறந்தால், திருட முடியாதபடி சாவி தானே அழிந்துவிடும். மறுபடி ஏற்ற இரண்டு கார்டு வேண்டும், ஆளுக்கொன்று. கூட்டுச் சேர்ந்து சதி செய்யாத இருவர் வேண்டுமென்றால் இவர்களை விட்டால் வேறு யார்?

பாவம் அதிகாரி. முதன்முதலில் சாவி ஏற்றிய அன்று, பூட்டிய அறையில் மூன்று மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்ததில் சண்டை கரைந்து போயிற்று. ஆபரேட்டருக்கு அவளைப் போல ஒரு சிநேகிதி அதற்கு முன் வாய்த்ததே இல்லை. வெளியே தெரிந்தால் ஒருத்தியை வேறு நிலையத்துக்குத் தூக்கியடித்துவிடுவார்கள் என்ற பயத்தில், ஆறு வருஷமாகப் பிறர் முன்னால் முறைத்துக்கொண்டே திரிந்தார்கள். பேச்செல்லாம் போனில்தான்.

இன்று காலை பெட்டிக்குள் எறும்பு நுழைவதைப் பார்த்திருக்கிறாள் எலெக்ட்ரீஷியன். கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். மூடியைத் திறந்தாள், சாவி அழிந்தது, எந்தக் கட்டளைக்கும் பம்புகள் அசையவில்லை.

இருவரும் கார்டைச் செருகிச் சாவியை ஏற்றி, தண்ணீர் ஓட ஆரம்பித்த பிறகுதான் அதிகாரி கேட்டார்.

"யாரு திறந்தது?"

"நான்தான் சார்," என்றாள் ஆபரேட்டர்.

"அவ இல்ல சார், நான்," என்றாள் எலெக்ட்ரீஷியன்.

அதிகாரி ஆபரேட்டரைப் பார்த்தார். "திறந்த நேரத்தப் பெட்டியே குறிச்சு வச்சிருக்கும்மா. பத்து மணி பன்னெண்டு நிமிஷம். அப்ப நீங்க என் ரூம்ல கையெழுத்துப் போட்டுட்டு இருந்தீங்க. எத்தன நாளா இந்தச் சிநேகம்?"

"ஆறு வருஷமா சார்."

"அப்ப ரெண்டு கார்டும் ஒரே கையில இருந்த மாதிரிதான்." கையை நீட்டினார். ஆபரேட்டர் தன் கார்டைக் கொடுத்தாள்.

"எங்க சார் மாத்தப் போறீங்க என்னை?"

"மாத்துறதா? கார்ட வேற ஆளுக்குக் குடுப்பேன், அவ்வளவுதான். நீங்க பேசிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. இவர்களாகவேதான் முடிவு செய்துகொண்டார்கள்.

மதியம் கேன்டீன் நிறைந்திருந்தது. ஆபரேட்டர் சாப்பாட்டு டப்பாவோடு நேராக எலெக்ட்ரீஷியனின் மேஜைக்குப் போனாள். பேச்சு நின்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நகருடி," என்றாள்.