பாதி விலை டைமண்ட்

இளஞ்செழியன் மஸ்கட்டுக்குப் போன பிறகுதான் தமிழ்மதி அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டாள். அங்கே ஒரே அறையில் எட்டுப் பேர். பக்கத்துக் கட்டிலில் ஆள் படுத்திருக்கும்போது பெண்டாட்டியிடம் போனில் என்னத்தைப் பேசுவது? அவனே ஒரு வழி சொன்னான். செல்போனில் ஊர் கட்டி ஆடும் விளையாட்டு. ஆளுக்கு ஓர் ஊர், இரண்டு ஊருக்கும் நடுவில் ஓர் ஆறு. ஆடிக்கொண்டே எழுத்தில் பேசிக்கொள்ளலாம். பார்க்கிறவர்களுக்கு அவன் கேம் ஆடுகிறான், அவ்வளவுதான்.

குஜிலியம்பாறைக்கு வெளியே முருங்கைத் தோட்டத்தை ஒட்டி அவர்கள் புதிதாகக் கட்டிய வீடு இருந்தது. வெளிப்பூச்சு இன்னும் முடியவில்லை. வீட்டில் தமிழ்மதியும் நான்கு வயது மகள் மேகலையும் மட்டும். பகலில் மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு, கடைவீதியில் ஆரிபா நடத்தும் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போவாள். சாயங்காலம் திரும்பி வந்து கதவைச் சாத்தியதும் அன்றைக்கு நடந்ததையெல்லாம் விளையாட்டுக்குள் எழுதுவாள். மேகலைக்குச் சளி. போரில் தண்ணி குறைஞ்சிருச்சு. பின்கதவுத் தாழ்ப்பாள் சரியா விழ மாட்டேங்குது, ஆசாரி நாளைக்கு வாரேன் நாளைக்கு வாரேன்னு ஏமாத்துறாரு.

விளையாட்டில் நல்ல பொருள் எதுவும் வாங்க டைமண்ட் வேண்டும். டைமண்டுக்கு நிஜக் காசு கொடுக்க வேண்டும். தமிழ்மதி ஒரு ரூபாயைக்கூட யோசிக்காமல் விடுகிறவள் இல்லை. சின்னப் பொதியாக வாங்கினால் ஒரு டைமண்ட் என்ன விலை விழுகிறது, பெரிய பொதியில் என்ன விழுகிறது என்று போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு இரட்டிப்பாகத் தருவார்கள், அதை அவசரப்பட்டுச் சின்னப் பொதியில் வீணாக்கக் கூடாது. மாதக் கார்டு எடுத்தால் தினமும் கொஞ்சம் டைமண்ட் தருவார்கள், ஆனால் ஒரு நாள் விடாமல் உள்ளே போனால்தான் லாபம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எப்படியும் விலை இறங்கும். "நீ எங்க கம்பெனில பர்ச்சேஸுக்கு வந்திரு புள்ள" என்று இளஞ்செழியன் எழுதுவான்.

கல்யாண நாள் நெருங்கியது. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பாலம் கட்டி அவனுக்குக் காட்ட அவளுக்கு ஆசை. பாலத்துக்கு நிறைய டைமண்ட் வேண்டும். அந்த மாதம் சலுகை எதுவும் இல்லை. தேடிப் பார்த்ததில் டெலிகிராமில் ஒரு குழு கிடைத்தது. பரணி டைமண்ட்ஸ் என்று பெயர். எல்லாம் பாதி விலை. தயங்கித் தயங்கி விசாரித்தாள். பதிலுக்குக் குரல் பதிவு வந்தது.

"பயமே வேணாங்க்கா. நான் திண்டுக்கல்தான். நம்ம ஊர்க்காரவுகளைப் போயி ஏமாத்துவேனா? ஐடியும் பாஸ்வேர்டும் அனுப்புங்க, செத்த நேரத்துல ஏத்தி விட்டுர்றேன்."

இளம் குரல். பஸ்ஸில் பின்சீட்டில் கேட்கிற, கடைக்கு மாத்திரை வாங்க வருகிற பையன்களின் பேச்சு மாதிரியே இருந்தது. அதுதான் அவளை நம்ப வைத்தது. பாஸ்வேர்டை அனுப்பினாள். போனுக்கு வந்த ஓடிபியையும் சொன்னாள். சொன்னபடி டைமண்ட் வந்துவிட்டது. பாலம் எழுந்தது. இளஞ்செழியன் அன்றைக்கு முழுக்க அதைப் பற்றியே எழுதினான். பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

கொஞ்ச நாளில் விளையாட்டு அவளை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு தவறு என்றது. பரணியிடம் கேட்டாள். "சர்வர் பிரச்சனைக்கா, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றான். சரி என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ஆரிபா கடையைத் திறப்பதில்லை. இளஞ்செழியனுக்கும் அன்றைக்குத்தான் விடுமுறை. அறையில் எல்லோரும் வெளியே போன நேரம் பார்த்துக் கூப்பிட்டான்.

"ஆசாரி வந்தாரா?"

"எங்க வந்தாரு? கேமுக்குள்ளயும் போக முடியல மாமா, அதான் உங்களுக்கு ஒண்ணும் எழுதல."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

"மாமா?"

"எழுதலையா? நேத்துக்கூட அம்புட்டு நேரம் பேசினோமே."

"நேத்தா?"

"எப்ப ஊருக்கு வருவீங்கன்னு கேட்ட. தைக்கு முன்னாடி முடியாதுன்னேன். துணைக்கு யாரையாச்சும் வீட்டுல படுக்கச் சொல்லுன்னேன். யாரும் வேணாம், நானும் பிள்ளையும் தனியாவே இருந்துக்குவோம்னு நீதான எழுதின?"

மேகலை தரையில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பின்கதவு.

"மாமா, அது நான் இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். பாலம், பாதி விலை, பாஸ்வேர்டு. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை.

"கதவைப் பூட்டு. அவன் யாருன்னு நான் கேக்குறேன்."

"வேணாம் மாமா, எதையும் எழுதிறாதீங்க—"

தொடர்பு அறுந்துவிட்டது. அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய்ப் பின்கதவில் சாய்த்தாள். பற்றாது என்று தோன்றியது. அரிசி மூட்டையை இழுத்து வந்தாள். இந்த மாதங்களில் என்னவெல்லாம் எழுதினோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எந்தப் பஸ்ஸில் இறங்குவாள் என்று எழுதியிருக்கிறாள். நகை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். குளித்துவிட்டு வந்து சேலை கட்டுவதற்கு முன் அனுப்பிய ஒரு போட்டோகூட அதில் கிடக்கிறது. அத்தனையையும் ஒருத்தன் உட்கார்ந்து நிதானமாகப் படித்திருக்கிறான்.

இருட்டும் நேரம் ரோட்டில் ஒரு பைக் வந்து நின்றது. விளக்கு அணைந்தது. தமிழ்மதி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"யாரும்மா?" என்றாள் மேகலை.

"பேசாத கண்ணு."

முருங்கை மரங்களுக்கு நடுவே ஆள் தெரியவில்லை. ஓர் இருமல் கேட்டது. செல்போன் வெளிச்சம் ஒரு தடவை தெரிந்து மறைந்தது. அப்புறம் பைக் கிளம்பிப் போய்விட்டது. அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தவளின் கையில் போன் அதிர்ந்தது. பரணியின் குரல் பதிவு.

"என்னக்கா, மாமாகிட்ட சொல்லிட்டீங்க போல? கேமுல வந்து கண்டபடி வைறாரு. பின்கதவுத் தாழ்ப்பா இன்னும் விழ மாட்டேங்குதாக்கா?"

அடுத்து எழுத்தில் வந்தது. ஒரு பெரிய தொகை கேட்டிருந்தான். இல்லாவிட்டால் அவளுடைய போட்டோவும், அவள் எழுதியவையும், வீட்டுக்கு வருகிற வழியும் குழுவில் போடப்படும். குழுவில் ஆயிரக்கணக்கான ஆட்கள் இருந்தார்கள்.

பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்தே விட்டாள். தொகையைத் தட்டும்போது தப்புத் தப்பாக விழுந்தது. இதைக் கொடுத்தால் நாளைக்கும் கேட்பானே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. ஆப்பை மூடிவிட்டு ஆரிபாவைக் கூப்பிட்டாள். அழுகைதான் முதலில் வந்தது.

ஆரிபா ஸ்கூட்டியில் வந்து வாசலில் நின்றுகொண்டே பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் முகத்தை ஜன்னல் வழியே பார்த்த பிறகுதான் தமிழ்மதி கதவைத் திறந்தாள்.

"இம்புட்டு நேரம் என்னடி பண்ணின? பிள்ளையைத் தூக்கு. நகையை எடுத்துக்க. மத்ததெல்லாம் கிடக்கட்டும்."

அன்று ஆரிபா வீட்டில் தங்கினார்கள். மறுநாள் காலை மேகலையை ஆரிபாவின் மகளிடம் விட்டுவிட்டு இருவரும் திண்டுக்கல் பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் இருந்த பையன்கள் எல்லோரும் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவனா, அவனா என்று தமிழ்மதியின் கண் ஓடியது. பின்னால் யாரோ, "செத்த பொறுடா, வந்துட்டேன்" என்று போனில் சொன்னான். அவள் ஆரிபாவின் கையைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது.

சைபர் கிரைம் போலீஸ் நிலையத்தில் எஸ்.ஐ. மகேஸ்வரி என்று ஒரு பெண் இருந்தாள். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"பாஸ்வேர்டு நீங்களாத்தான் குடுத்தீங்களா?"

"ஆமா மேடம்." தமிழ்மதியால் தலை நிமிர முடியவில்லை.

"சரி. எதையும் அழிச்சிராதீங்க. பணம் தாரேன்னு சொல்லி அவனைப் பேச வைங்க. உடனே ஒத்துக்கிட்டா சந்தேகப்படுவான். கொஞ்சம் குறைச்சுக் கேளுங்க."

தமிழ்மதி பேரம் பேசினாள். விலையைக் குறைக்கப் பேசுவது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினாள். பாதி இப்போது, பாதி சம்பளம் வந்ததும் என்றாள். புருஷன் கோபத்தில் இருக்கிறார், கொஞ்சம் பொறு தம்பி என்றாள். அவன் அந்தப் போட்டோவை அவளுக்கே அனுப்பிக் காட்டினான். ஆரிபா சட்டென்று போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். டைமண்டுக்கு முன்பு பணம் போட்ட நம்பர் இப்போது இயங்கவில்லை. கடைசியில் அவன் இறங்கி வந்து, பணம் போடப் புது நம்பர் ஒன்று கொடுத்தான். மகேஸ்வரிக்கு வேண்டியிருந்தது அதுதான்.

சில நாட்களில் ஆள் பிடிபட்டான். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மேன்ஷன் அறையில் இருந்திருக்கிறான். நிஜப் பெயர் முகேஷ்குமார். யார் யாருடைய கார்டையோ திருடி டைமண்ட் வாங்கி, அதைத்தான் பாதி விலைக்கு விற்றிருக்கிறான். அவனுடைய போனில் தமிழ்மதியைப் போலப் பல பெண்களின் கணக்குகள் திறந்து கிடந்தன. திருட்டு டைமண்ட் என்று தெரிந்ததும் விளையாட்டுக் கம்பெனி அவளுடைய கணக்கை ஒரேயடியாக மூடிவிட்டது.

குரலை அடையாளம் சொல்ல அவளை வரச் சொல்லியிருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். மீசை சரியாக முளைக்காத முகம். சட்டைப் பையில் சீப்பு. தெருவில் பார்த்திருந்தால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். வாயைத் திறந்தபோதுதான் அதே குரல் என்று தெரிந்தது.

"தப்புத்தான்க்கா. மன்னிச்சிருங்க."

"அன்னைக்கு வீட்டு முன்னாடி பைக்ல வந்து நின்னது நீதான?"

"பைக்கா?" அவன் மகேஸ்வரியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "சத்தியமா நான் உங்க ஊருப் பக்கமே வந்ததில்லக்கா. எனக்குப் பைக்கே கிடையாது."

மகேஸ்வரியும் விசாரித்துப் பார்த்ததாகச் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை அவன் போன் திண்டுக்கல்லை விட்டு நகரவில்லை. ரோட்டில் போகிற யாராவது போன் பேச நின்றிருப்பார்கள் என்றாள். இருக்கலாம். தமிழ்மதியும் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் வீட்டுக்கு வருகிற வழி குழுவில் இருந்த வேறு யாருக்காவது முன்பே போயிருந்தால்? அவன் போட்டானா இல்லையா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குழுவை அவன் முன்னமே அழித்துவிட்டிருந்தான்.

அவள் அந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்பவில்லை. கடைக்கு மேலே இருந்த சின்ன அறையை ஆரிபா ஒழித்துக் கொடுத்தாள். இளஞ்செழியன் தைக்கு வரும்வரை அங்கேதான் என்று முடிவானது.

இப்போதெல்லாம் அவன் அறையில் பேசுவதில்லை. வெயிலானாலும் மொட்டை மாடிக்கு ஏறிவந்து கூப்பிடுகிறான். போன வாரம் ஒருநாள் பழக்கத்தில், "சாப்டியா புள்ள?" என்று எழுத்தில் அனுப்பிவிட்டான். தமிழ்மதி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு வார்த்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்கு வந்தவர் என்னம்மா என்று கேட்டார். அவள் பதில் எழுதவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எடுத்தாள். எதுவும் பேசாமல் காதில் வைத்துக் காத்திருந்தாள்.

"நான்தான் மதி" என்றான் அவன். "நான்தான்."

"இன்னும் சாப்பிடல மாமா" என்றாள்.