மூடி மாமாவின் கார்

"போறேன் மாமா, போறேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். பின் இருக்கையில் மாமனார் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவள் தோளுக்கு மேலே நீட்டி, முன்னால், முன்னால் என்று காட்டிக்கொண்டிருந்தார். பேச்சு வரவில்லை. சீக்கிரம் போ என்கிறார் என்று அவளுக்குப் பட்டது. அவள் மிதித்தாள். கார்தான் போகவில்லை.

தெரு தாண்டும்வரை ஒழுங்காகத்தான் வந்தது. பெரிய சாலையில் ஏறியதும் இழுவை குறைந்தது. மிதிக்க மிதிக்க எஞ்சின் இருமியது, திணறியது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். பாலத்து ஏற்றத்தில் பாதியில் அது ஒரேயடியாக நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினாள், கிளம்பியது. மிதித்தாள், அணைந்தது. மறுபடியும் திருப்பினாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் கை மட்டும் தோளுக்கு மேலே நீண்டபடி இருந்தது. பிறகு ஒரு தடவை திரும்பிப் பார்த்தபோது அது மடியில் கிடந்தது.

காய்கறி ஏற்றிப் போன ஒரு வேன்காரர் இறங்கி வந்து அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணிப் பார்த்திருக்கலாம்" என்றார். அவர் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தையாகவும் இருக்கலாம். ஆனால் ஆலையில் ராத்திரி வேலை முடிந்து யூனிஃபார்மோடு ஓடி வந்த அவள் கணவன் சரியாக அந்த நேரத்துக்கு வாசலில் வந்து நின்றான். அது அவன் காதில் விழுந்தது.

"கார் ஏன் நின்னுச்சு?"

"தெரியல."

"நேத்து சாயங்காலம்தானே உன் தம்பி சரி பண்ணிக் கொண்டாந்து விட்டான்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் வாயை மூடிக்கொண்டால் உள்ளுக்குள் ஒன்றை முடிவு கட்டிவிட்டான் என்று அர்த்தம்.

இறந்தவரைப் பற்றிச் சிரிக்கக் கூடாதுதான். ஆனால் அந்த மனிதரைப் பற்றிச் சிரிக்காமல் எப்படிச் சொல்வது? வேலையில் இருந்த காலம் முழுக்கத் தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் வால்வைத் திறந்து மூடியவர். ஓய்வு பெற்ற பிறகு திறக்கிற வேலை போய்விட்டது, மூடுகிற வேலை மட்டும் கையில் ஒட்டிக்கொண்டது. குடித்துக்கொண்டிருக்கிற காப்பியைக் கீழே வைத்தால் போதும், அடுத்த நிமிஷம் அதன்மேல் ஒரு தட்டு இருக்கும். கரப்பான் வருகிறது என்று குளியலறைச் சாக்கடை ஓட்டையில் துணியைச் சுருட்டி அடைப்பார். ஜன்னல் இடுக்கில் காகிதம். ஒரு தடவை வாசல் கதவின் சாவித் துவாரத்தில் எறும்பு போகிறதென்று அவர் மெழுகை வைத்து அடைத்துவிட்டதில், குடும்பமே ஒரு மத்தியானம் முழுக்க வெளியே நின்றது. அன்றைக்குப் பூட்டை உடைக்க வந்த அவள் தம்பிதான் "மூடி மாமா" என்று பேர் வைத்தான். அவருக்கே அது பிடித்துப் போயிற்று. போனில் பேசினால், "நான் மூடி பேசறேன்" என்பார்.

தம்பியும் அவரும் அப்படி ஒட்டிக்கொண்டவர்கள். தம்பிக்கு ஊர்க்கோடியில் சின்னதாக ஒரு கராஜ். போன வாரம் எலி வயரைக் கடித்து, ஏர் ஃபில்டரையும் கிழித்துக் கூடு கட்டிவிட்டதென்று கார் அங்கே போனது. நேற்றுச் சாயங்காலம் அதைக் கொண்டுவந்து விட்டபோது இரண்டு பேரும் திறந்த பானட்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சமையலறை ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். தம்பி ஏதோ கையால் காட்டினான், அவர் சிரித்தார்.

காலையில் அவரைத் தாங்கிப் பிடித்துக் காருக்கு நடத்திக்கொண்டு வந்தபோது அவர் கதவுப் பக்கம் வராமல் முன்பக்கமாகப் போய்ப் பானட்டில் கையை ஊன்றி நின்றார். மயக்கம் வருகிறது போலிருக்கிறது என்று அவள்தான் இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தாள்.

இப்போது அவர் கூடத்தில் படுத்திருந்தார். அவர் தம்பி, எல்லோருக்கும் சித்தப்பா, வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டும், போனில் சுடுகாட்டு வண்டிக்குச் சொல்லிக்கொண்டும், நடுநடுவே சுவரோரம் போய் மூக்கைத் துடைத்துக்கொண்டும் இருந்தார். காரை யாரோ பாலத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்து கேட்டுக்குக் குறுக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு டெய்லரும் இன்னும் இரண்டு பேரும் அதைத் தள்ளி ஒதுக்கப் போனார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்றான் கணவன்.

"வண்டி உள்ள வரணும்ப்பா" என்றார் டெய்லர்.

"வரட்டும். வந்து வெளியிலயே நிக்கட்டும். இது இங்கேயே கிடக்கணும். போற வர்றவங்கல்லாம் பார்க்கட்டும்."

டெய்லர் கையை எடுத்துக்கொண்டார்.

அவள் தம்பி அப்போதுதான் வந்தான். கராஜிலிருந்து அப்படியே வந்திருந்தான், கையில் கிரீஸ்கூடப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைக்கப் போனவனைக் கணவன் வாசலில் மறித்தான்.

"எங்க வர்றே?"

"அத்தான்... பெரியவர ஒரு தடவை..."

"நேத்துதான் பார்த்தியே. நல்லா பார்த்து அனுப்பி வச்சியே."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். தம்பி அக்காவைப் பார்த்தான். இந்த இரண்டு பேருக்கு நடுவில்தான் இனிமேல் காலம் முழுக்க நிற்க வேண்டும் என்று அவளுக்கு அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. ஒருவன் முகத்தைப் பார்த்தால் இன்னொருவன் முகத்தைப் பார்க்க முடியாது.

"வண்டியில என்னன்னு நான் ஒரு தடவை பார்க்கறேன் அத்தான். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

"பாரு. எல்லாருக்கும் முன்னாடி பாரு. என்ன லட்சணத்துல வேலை செஞ்சேன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

தம்பி பானட்டைத் தூக்கி நிறுத்தினான். அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னான். கூடத்தில் பிணத்தை வைத்துக்கொண்டு காரில் போய் உட்காருவது என்னவோ போலிருந்தது. ஆனாலும் உட்கார்ந்தாள்.

"முதல்ல எப்படி இருந்துச்சுக்கா? எடுத்த உடனேயே திணறுச்சா?"

"இல்ல. தெரு முனை வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு."

"அப்புறம்?"

"மிதிச்சா வேகம் எடுக்கல. போகப் போக மோசமாச்சு. பாலத்துல நின்னுடுச்சு."

"சும்மா நிக்கும்போது ஓடுச்சா?"

"ஓடுச்சு. மிதிச்சாத்தான் செத்துச்சு."

அவன் யோசித்தான். தான் மாற்றிய வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். ஒன்றும் கழன்று வரவில்லை. பிளக்கைப் பார்த்தான். பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தான். கேட்டருகில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தூக்கி நிறுத்திய பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கையகல இடைவெளி. அதன் வழியாக அவளுக்குத் தம்பியின் கைகள் மட்டும் தெரிந்தன. எப்போதும் பரபரவென்று ஓடுகிற கைகள், இன்றைக்கு ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்ததைத் தொடப் பயப்பட்டன.

"ஸ்டார்ட் பண்ணி ரேஸ் குடுக்கா."

கொடுத்தாள். எஞ்சின் அதே போலத் திணறியது. இருமியது. கூடத்தில் யாரோ விம்மினார்கள்.

"நிறுத்து."

அந்தக் கைகள் ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைத் தட்டிவிட்டன. மூடியைத் தூக்கின. உள்ளே நுழைந்தன. நின்றன.

பிறகு மெதுவாக, ஈரமும் தூசியுமாக ஒரு துணியை வெளியே இழுத்தன. வெள்ளையில் நீலக் கோடு போட்ட துணி. சட்டைக் கை ஒன்று. அதன் ஜோடிக் கை குளியலறைச் சாக்கடை ஓட்டையில் இருக்கிறது. இன்று காலையில்கூட அவள் அதைக் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் குளித்தாள்.

எலி நுழையாமலிருக்க, காற்று போகிற குழாயின் வாயை மாமா அடைத்திருக்கிறார். யார் கண்ணிலும் படாதபடி, தம்முடைய வழக்கப்படி, நன்றாகத் திணித்து அடைத்திருக்கிறார். எஞ்சின் இழுக்க இழுக்க அது உள்ளே போய் ஃபில்டர்மேல் ஒட்டிக்கொண்டது.

முன்னால், முன்னால் என்று நீண்ட கை அவளுக்கு நினைவு வந்தது. அவர் சாலையைக் காட்டவில்லை. பானட்டைக் காட்டியிருக்கிறார். புறப்படும்போதே அதைத் திறக்கத்தான் போய் நின்றார். அவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் காட்டக் காட்ட, போறேன் மாமா, போறேன் என்று அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இடைவெளியில் தம்பியின் கைகள் அந்தத் துணியை நாலாக மடித்தன. கூட்டத்துக்கு மறைவாகக் கால்சட்டைப் பைக்குள் திணித்தன. பெட்டியை மூடின.

"ரேஸ் குடுக்கா."

எஞ்சின் புத்தம்புதுசாக உறுமியது. ஒரு பிசிறு இல்லை. அவள் காலை எடுத்துவிட்டாள்.

தம்பி நிமிர்ந்தான். "என் தப்புதான் அத்தான்" என்றான். "காத்துக் குழாய சரியா மாட்டாம விட்டுட்டேன்."

கணவன் அடிக்கப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் அடிக்கவில்லை. கிட்டே வந்து, ஒருவருக்கும் கேட்காத குரலில் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"எங்கப்பா உன்னை மகன் மாதிரி நினைச்சாருடா. போயிடு. இனிமே இந்த வாசல்ல உன் காலு படக் கூடாது."

தம்பி தலையை ஆட்டினான். செருப்பைத் தேடினான்.

சொன்னால் பெரியவர் போகிற நாளில் ஊர் வாயில் விழுவார். மூடி மாமா தம் வண்டிக்கே மூடி போட்டுக்கொண்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் தம்பி போய்விடுவான். அவள் காரிலிருந்து இறங்கினாள். நேரே போய்த் தம்பியின் பைக்குள் கையை விட்டாள். "அக்கா, வேணாம்க்கா" என்று அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் உதறிவிட்டுத் துணியை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள்.

"ஃபில்டர் பெட்டிக்குள்ள இது இருந்துச்சு. நான் பார்த்தேன்."

கணவன் வாங்கினான். பிரித்தான். அது ஆலையில் அவனுக்கு முதன்முதலில் கொடுத்த யூனிஃபார்ம் சட்டையின் கை. கிழிந்தபோது தூக்கிப் போடப் போனவனிடமிருந்து அப்பாதான், "இருக்கட்டும்டா, எதையாவது அடைக்க ஆகும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அவன் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் அத்தான் சொன்னேன்" என்றான் தம்பி. இப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. "எலி மறுபடி வந்தா என்னடா பண்றதுன்னு கேட்டாரு. உங்களுக்குத் தெரியாத வித்தையா, ராத்திரி ஒரு துணிய அடைச்சு வைங்க, காலையில எடுத்துடுங்கன்னு சொன்னேன். விளையாட்டாத்தான் சொன்னேன். அப்படிப் பார்த்தா என் தப்புதானே?"

கணவன் துணியை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சித்தப்பா வந்து வண்டி வந்துவிட்டது என்றார். டெய்லர் காரை எடுத்து ஓரமாக விட்டார்.

தூக்குகிற நேரம் வந்தது. தலைப்பக்கம் கணவனும் சித்தப்பாவும் நின்றார்கள். கால்பக்கம் டெய்லர் ஒரு புறம் குனிந்தார். மறுபுறம் யாரும் இல்லை. கணவன் நிமிர்ந்து கேட் பக்கம் பார்த்தான். தம்பி ஒரு செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான்.

"அந்தப் பக்கம் பிடி" என்றான் கணவன்.

தம்பி செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தான்.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து, வண்டிக்குப் பின்னாலேயே கொண்டுபோன காரில் அவளும் கணவனும் திரும்பினார்கள். கணவன் ஓட்டினான். பாலத்து ஏற்றத்தில் கார் வெண்ணெய் மாதிரி ஏறியது. அங்கே அவன் வேகத்தைக் குறைத்தான், பிறகு கூட்டினான். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. காரை ஷெட்டில் விட்டதும் அவன் இறங்கிப் பானட்டைத் திறந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா கடைசியா ஏதாவது சொன்னாரா?"

அவள் அவன் கைகளைப் பார்த்தாள்.

"பேச்சு வரலங்க" என்றாள்.

அவன் தலையசைத்தான். சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து, குனிந்து, குழாயின் வாயைத் தேடி அதன் ஒரு முனையை அடைத்தான்.

"காலையில எடுக்கணும். நான் மறந்தாலும் நீ ஞாபகம் வச்சுக்கோ."

"ம்."

மறுமுனையை வெளியே தொங்கவிட்டுப் பானட்டை மூடினான். ஓரத்தில் நீலக் கோடு ஒரு விரல் நீளத்துக்குத் தெரிந்தது. அவன் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தான். திரும்ப வந்தான். பானட்டைத் திறந்து துணியை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு மறுபடியும் மூடினான்.