மார்ச் பதினான்கு, வியாழன்

லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் சிறு கடை வைத்திருக்கும் எட்டுப் பெண்களுக்கு நான் வியாபாரப் பயிற்சி நடத்துகிறேன். வாசிகசாலையில், வியாழன் பகல் இரண்டு மணி. அப்போது கொழுந்து பறிப்பவர்கள் மலையில் இருப்பார்கள். கடைக்கு ஆள் வராது. எழுத்துத் தெரியாதவர்களும் இருப்பதால் எல்லாம் படத்தில்தான். பழைய சரக்கை முன்னுக்கு வை, புதியதைப் பின்னுக்கு வை என்பதற்கும் படம் உண்டு.

மொத்தம் ஆறு வகுப்பு. இரண்டு தவறினால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் கடைக்குத் தரும் கண்ணாடி அலுமாரியும் இல்லை. அம்மாக்கண்ணு அக்காவுக்கு அந்த அலுமாரி வேண்டும். அவர் கடையில் விற்கும் பணிஸ் ரொட்டியை எலி கடிக்கிறது.

பயிற்சிக்குப் பொறுப்பான ஹட்டன் அலுவலகத்திலிருந்து ஷாமிலா வரவுப் பட்டியல் அனுப்பினார். அம்மாக்கண்ணுவின் பெயருக்கு எதிரே இரண்டு வெற்றுக் கட்டம். ஒன்று, அவருக்குக் காய்ச்சல் கண்ட நாள். மற்றது மார்ச் பதினான்கு. அன்று எட்டுப் பேரும் வரவில்லை. எனக்குப் பதிலாக வந்தவர் வாசிகசாலையில் தனியாக இருந்துவிட்டுப் போயிருக்கிறார்.

கடைக்குப் போனேன்.

"வாங்க சேர். பழசு முன்னுக்குத்தான் இருக்கு, பாத்துக்குங்க," என்றார் அம்மாக்கண்ணு.

"அக்கா, அலுமாரி கெடைக்காதுங்கிறாங்க."

"ரெண்டு நாள் போச்சுல்ல. எலிக்கு நல்ல காலம்."

"பதினாலாந் தேதி ஏன் வரலன்னு ஆபீசுல சொன்னீங்களா?"

அவர் கடைப் பலகையைத் துடைத்தார். உள்ளேயிருந்து மகள் தனுஷிகா குரல் கொடுத்தாள்.

"லயத்துல சாவு விழுந்தா பொட்டி எடுக்குற வரைக்கும் கடையே தொறக்க மாட்டோம். வகுப்புக்கு மட்டும் சீவிச் சிங்காரிச்சுப் போவாங்களா?"

"வாய மூடுடி," என்றார் அம்மாக்கண்ணு. என் முகத்தைப் பார்க்கவில்லை. "தம்பிக்குத் தெரியாததா."

ஷாமிலாவுக்குப் போன் செய்தேன்.

"எனக்குத் தெரியும் மதுரன். ஆனா கோப்புல போட கடிதம் வேணும். யாரு, என்னன்னு பேர் போட்டுத் தாங்க."

மூன்று மாதமாக அந்தப் பெயரை நான் எழுதவில்லை. மரணப் பதிவுக்கும் மாமாதான் போனார். கடைப் பலகை மேலேயே தாளை வைத்து எழுதினேன்.

"படிங்க தம்பி. என் பேர விட்டுறப் போறீங்க."

படித்தேன். "மார்ச் 14ஆம் திகதி எமது லயத்தைச் சேர்ந்த பிரியந்தி (வயது 26) அவர்களின் இறுதிக் கிரியை நடைபெற்றது. வழக்கப்படி எட்டுக் கடைகளும் மூடப்பட்டிருந்தன. அம்மாக்கண்ணு உட்பட எவருக்கும் அன்றைய வரவைக் கணக்கில் எடுக்க வேண்டாம்."

கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: பயிற்சியாளர், இறந்தவரின் கணவர்.

படம் எடுத்து அனுப்பினேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது. எட்டுப் பேருக்கும் அந்த நாளைக் கழித்தாயிற்று. அக்காவுக்கு அலுமாரி உண்டு.

சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, ஒரு பணிசைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். முன்னுக்கு இருந்ததல்ல. கையைப் பின்னுக்கு விட்டு எடுத்தது.