நெட்டையன் மறந்த பூட்டு

"நமக்குத் தப்பு செஞ்சவங்கள மன்னிக்கிறோம்னு தினமும் ஜெபம் பண்றோமே, அதுல நெட்ட மாமாவும் சேர்த்தியாம்மா?" என்று மகள் ஒருநாள் அவளிடம் கேட்டாள்.

"வாய மூடிட்டுச் சாப்பிடு."

"வாய மூடிட்டு எப்படிம்மா சாப்பிடுறது?"

ரொட்டி ஆலையில் மாவு பிசையும் இயந்திரத்துக்குள் இறங்கிக் கழுவுகிறவர் யாரும் அதை ஓட்டிவிடாதபடி சுவிட்சில் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். அவள் கணவனும் அப்படித்தான் மாட்டியிருந்தான். யாரோ மறந்துபோன பூட்டு என்று நினைத்து, மாற்றுச் சாவியால் திறந்து சுவிட்சைப் போட்டவன் நெட்டையன். உள்ளேயிருந்த கணவன் செத்துப்போக, அவன் வேலையோடு அந்தப் பூட்டும் அவளிடம் வந்தது. அன்றிலிருந்து அவள் மனம் மரத்துக் கிடந்தது.

இன்று மதிய இடைவேளையில் கூடத்தில் ஆளில்லை. இயந்திரத்துக்குள் சுரண்டும் சத்தமும் நெட்டையனின் இருமலும் கேட்டன. சுவிட்சில் பூட்டு இல்லை, மறந்துவிட்டான்.

அவள் கை சுவிட்சின்மேல் போய் நின்றது. கோபம்கூட வரவில்லை. மகளின் கேள்விதான் வந்தது.

"சேர்த்திதான்டி," என்று முணுமுணுத்தபடி, இடுப்பிலிருந்த கணவனின் பூட்டை எடுத்துச் சுவிட்சில் மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். அவன் ஏறி வரும் சத்தம் கேட்டதும், அதைக் கழற்றிக்கொண்டு அவன் பார்க்குமுன் போய்விட்டாள்.