எதிரே வருபவர் கண்ணில்

கார்களுக்கு மின்வேலை பார்க்கும் அவரைத் தெருவில் எல்லோரும் 'ரிலே' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி வந்தாலும், "ஒரு ரிலே போட்டுட்டா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பேனட்டையே திறப்பார். அந்தச் சனிக்கிழமை மாலை அவருடைய பட்டறையில் நின்றது அவர் அக்கா வீட்டுக் கார். இருபத்திரண்டு வருடத்து வண்டி. முன்விளக்குகளின் உள்பூச்சு கறுத்துப்போய், எரிந்தாலும் எரியாதது போலத்தான் இருக்கும். கம்பெனி அந்த விளக்கைச் செய்வதை நிறுத்திப் பல வருடமாகிவிட்டது. ரிலேதான் போனில் தேடித் தேடி, வெளிநாட்டிலிருந்து ஒரு புது ஜோடி வரவழைத்திருந்தார்.

அக்காவின் கணவர் ஸ்டூலில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து வந்தார்.

"மச்சான், பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்குடா எனக்கு."

"இரட்டைப் பிள்ளை மாமா. நல்லாவே இருக்கு. நீங்க கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க."

வேலையில் ரிலே ஒரு குறையும் வைக்கவில்லை. பழைய வயர் மெல்லியது, புது பல்பைத் தாங்காமல் சூடாகும், ஸ்விட்ச் உருகும் என்று பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்தார். பியூஸ் வைத்தார். ரிலே இல்லாமலா? மின்சாரத்தைத் திறந்து மூடும் அந்தச் சின்னப் பெட்டியையும் வைத்தார். மழைநீர் இறங்காமல் ரப்பர் வளையம் மாட்டினார். வண்டிக்கு எந்த ஆபத்தும் வராதபடி ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்தார்.

இருட்டத் தொடங்கியதும் காரைப் பட்டறைச் சுவரைப் பார்த்து இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தினார். சுவரில் வெளிச்சம் நிற்க வேண்டிய உயரத்தைக் காட்டும் சாக்பீஸ் கோடுகள் இருந்தன. விளக்கைப் போட்டார்.

வெள்ளை வெளிச்சம் சுவரில் விழுந்தது. ஒரு பக்கம் கோட்டுக்குக் கீழே சமமாக நின்றது. மறுபக்கம் சரிவாக மேலே ஏறியது. அப்படி ஏறத்தான் வேண்டும். சாலையோரத்தையும் நடந்து போகிறவர்களையும் காட்டுவதற்காகவே அந்தச் சரிவு. ஆனால் சாலையின் இடப்பக்கமாகப் போகும் வண்டிக்கு அது இடப்பக்கம் ஏற வேண்டும். இது வலப்பக்கம் ஏறியது. எதிரே வருகிறவர்களின் முகம் இருக்கும் பக்கம்.

ரிலே, விளக்கு வந்த அட்டைப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு மட்டும் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. சரியான ஜோடி வர ஆறு வாரம், இது ஒரே வாரம் என்று பார்த்ததும் படிக்காமல் இதை வரவழைத்தவர் அவரேதான். கண்ணாடியின் வார்ப்பிலேயே இருக்கும் சரிவை எந்த ஸ்க்ரூவாலும் பக்கம் மாற்ற முடியாது.

"என்ன மச்சான், சுவத்துல சினிமாவா ஓடுது? அப்படிப் பார்க்கிற?"

சொல்லியிருக்கலாம். 'தப்பான ஜோடி மாமா, ஆறு வாரம் பொறுங்க' என்று ஒரு வரி. ஆனால் மாமாவின் முகத்தில் அப்போது இருந்த மகிழ்ச்சியை அவர் பார்த்தார். தன் தொழில் பெயரையும் நினைத்துக்கொண்டார். இரண்டில் எது அவர் வாயை அடைத்தது என்று கேட்டால் மாமாவின் மகிழ்ச்சிதான் என்று சொல்வார். அது உண்மை இல்லை.

"நல்லாயிருக்கு மாமா" என்றார். ஸ்க்ரூவைத் திருப்பி வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் இறக்கிவிட்டார்.

மறுநாளே மாமா வந்தார். "தூரம் தெரியலடா, கொஞ்சம் தூக்கிவிடு." தூக்கிவிட்டார். இந்த முறை பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்க்ரூவை நாலு சுற்று சுற்றினால் போதுமாயிருந்தது.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டில் சாப்பாடு. மாமா இலேசில் ஓயவில்லை.

"மச்சான், இந்த லைட் மாட்டினதுல இருந்து வண்டிக்கு ஒரு தனி மரியாதை வந்துடுச்சு பாரு. எதிர்ல வர்றவன் எல்லாம் தானா வேகத்தைக் குறைச்சு ஓரம் போறான். இருபது வருஷமா எவன் வழி விட்டான் எனக்கு?"

"ஆமா, பெரிய மந்திரி இவரு" என்றாள் அக்கா. "நேத்து ஒரு மொபெட்காரர் ஓரம் போறேன்னு பள்ளத்துக்கே போயிட்டார். நிறுத்துங்கன்னு கத்தறேன், இவரு காதுலயே வாங்கல."

"பள்ளம் இல்லடி. ஓரமா இறங்கினான். ஓட்டத் தெரியாதவன் எல்லாம் வண்டி எடுத்தா அப்படித்தான்."

ரிலே தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னடா, கை காயுது, பிடிக்கலையா?" என்று அக்கா கேட்டாள். பிடித்திருக்கிறது என்று தலையாட்டினார்.

திங்கள் காலை ஒரு மொபெட் பட்டறை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சலவைக் கடைக்காரர். மாலை நேரங்களில் தேய்த்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். அவருடைய வலது மணிக்கட்டில் கட்டு. வண்டியின் ஒரு பக்கம் முழுக்கச் சிராய்ப்பு.

"அண்ணே, இதுக்குக் கொஞ்சம் வெளிச்சமா ஒரு லைட் மாட்டித் தரணும்."

"இப்ப இருக்கிறதே எரியுதே."

"லைட் எரியுது. என் கண்ணுதான் எரிய மாட்டேங்குது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். "சனிக்கிழமை ராத்திரி பள்ளத்துல விழுந்துட்டேன். எதிர்ல ஒரு பழைய கார் வந்துச்சு. திடீர்னு ஒரே வெள்ளை. அப்புறம் ரோடு இல்ல, ஒண்ணும் இல்ல. முப்பது வீட்டுத் துணி சேத்துல. எல்லாத்தையும் திரும்பத் துவைச்சோம்."

ரிலே குனிந்து பழைய விளக்கின் ஸ்க்ரூவைத் தளர்த்தினார்.

"அந்தக் கார்க்காரன் லைட்டு..." என்று ஆரம்பித்தார்.

"அவரை எதுக்கு அண்ணே சொல்லணும்? ரோட்ல எத்தனை பேர் போறாங்க, எல்லாருமா விழறாங்க? எனக்கு வயசாயிடுச்சு. கண் டாக்டர்கிட்ட போனேன், ஒண்ணும் இல்லன்னுட்டார். ஒண்ணும் இல்லன்னு சொன்னா, என்னமோ பெருசா இருக்கு, மறைக்கிறார்னுதானே அர்த்தம்? வீட்ல இனிமே இருட்டினா வண்டி எடுக்காதீங்கன்னு ஒரே பிடியா நிக்கிறா. அடுத்த மாசத்துல இருந்து மச்சினன் சுத்துவான். நான் கடையோட சரி." சற்று நேரம் தெருவைப் பார்த்தார். "அந்தச் சுத்துதான் அண்ணே எனக்கு வெளி உலகம். நாள் பூரா இஸ்திரிப் பெட்டி முன்னால நிக்கிறவனுக்கு வேற என்ன இருக்கு? அதான், நல்ல லைட்டா இருந்தா, ஒருவேளை..."

முடிக்கவில்லை. ரிலேயும் முடிக்கச் சொல்லவில்லை. 'நான் மாட்டின லைட்தான் காரணம்' என்ற ஒரு வாக்கியத்துக்கு அங்கே தாராளமாக இடம் இருந்தது. ரிலே அதைச் சொல்லாமல், நல்ல விளக்காகப் பார்த்து எடுத்து மாட்டினார். அவரை அனுப்பிவிட்டு, கையில் ஸ்க்ரூடிரைவரோடு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சுவரின் சாக்பீஸ் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவன் தன் கண்ணை நம்பாமல் வாழ்கிறான். அதற்குக் காரணம் நான் என்று தெரிந்த ஒரே ஆள் நான். இந்த நினைப்பு வேலைக்கு நடுவே வந்து கையை நிறுத்தியது. காரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிப் போனை எடுப்பார். அக்காவின் குரல் கேட்டதும் வேறு ஏதோ பேசிவிட்டு வைத்துவிடுவார்.

சலவைக்காரர் வந்துபோன ஒன்பதாம் நாள், புதன்கிழமை, பொழுது சாயும் நேரத்தில் மாமா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"மாமா, சாவி கொடுங்க. நீங்களும் வாங்க."

பின்தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. காரை இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினார். "இறங்கி அங்க போய் நில்லுங்க. எதிர்ல வர்ற வண்டி போற பக்கம். இந்த வண்டியைப் பார்த்து நடந்து வாங்க."

"என்னடா இது, போலீஸ் விசாரணையா?"

"நடங்க மாமா."

மாமா முப்பதடி தள்ளிப் போய்த் திரும்பினார். ரிலே விளக்கைப் போட்டார். மாமா இரண்டு அடி எடுத்து வைத்தார். கை தானாக முகத்துக்கு ஏறியது. அப்படியே ஓரமாக நகர்ந்து நகர்ந்து, ஒரு வேலியில் முதுகு இடித்து நின்றார். "அணைடா! அணைச்சுத் தொலை!" என்று கத்தினார்.

அணைத்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டே மாமா காருக்கு வர நேரம் பிடித்தது.

"ஏன் மாமா ஓரம் போனீங்க?" என்று ரிலே மெதுவாகக் கேட்டார். "மரியாதையிலயா?"

மாமா பேனட்டின் மேல் கையை ஊன்றி நின்றார். எங்கோ ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"மாட்டின அன்னிக்கே."

மாமா திட்டுவார் என்று ரிலே காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். "அன்னிக்கு உங்கக்கா நிறுத்தச் சொன்னா. நான் நிறுத்தல" என்று மட்டும் சொன்னார் மாமா. பிறகு, தனக்குத்தானே பேசுவதுபோல, "நம்ம லைட்டை நம்ம சீட்டுல உட்கார்ந்து பார்த்தா எப்பவும் நல்லாத்தான் இருக்கும் போல" என்றார்.

மறுநாள் பகலில் ரிலே பழைய விளக்குகளையே திரும்ப மாட்டினார். சரியான ஜோடி வரும்வரை இருட்டியபின் வண்டியை எடுப்பதில்லை என்று மாமாவே சொன்னார். பள்ளத்தில் விழுந்தவர் யார் என்று ரிலே சொன்னதும், வெள்ளிக்கிழமை இருவரும் சலவைக் கடைக்கு நடந்தே போனார்கள்.

சலவைக்காரர் இடது கையால் ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரிலே எல்லாவற்றையும் சொன்னார். பெட்டியின் பொடி எழுத்தில் தொடங்கி, சுவரில் பார்த்தது, நாலு சுற்று சுற்றியது வரை ஒன்றையும் மறைக்கவில்லை. "நிறுத்தாம போனது நான்தாங்க" என்றார் மாமா.

சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குண்ணே."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். அவர் கட்டுப் போட்ட கையை ஒரு முறை தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"விழுந்ததைக்கூட விடுங்க. ரோட்ல போறவன் விழுவான். நான் லைட் கேட்டு உங்ககிட்ட வந்து நின்னேனே அண்ணே, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? பதினோரு நாளா கண்ணு போச்சுன்னு நினைச்சுப் படுத்தேன். காலைல எழுந்து ஒவ்வொரு கண்ணா மூடி மூடிப் பார்த்தேன். இவ முகம் தெரியுதா, எத்தனை நாளைக்குத் தெரியும்னு."

ரிலே தலையைத் தூக்கவில்லை.

"வண்டியில எதை மாட்டினாலும், எதிர்ல வர்றவனா நின்னு ஒரு தடவை பார்த்துடுங்க. அது தொழில்" என்றார் சலவைக்காரர். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "ஆனா தப்புன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்லிடுங்க. தப்பு பண்ணவங்க பேசாம இருந்தா, அடிபட்டவன் அதைத் தன் தப்புன்னு நினைச்சுச் சுமக்க ஆரம்பிச்சுடறான்."